செடிலி வரைக்கும்

“தங்கச்சி, தமிழா?” என்றுதான் ஷாமளா அக்கா என்னிடம் பேச்சைத் தொடங்கினார்.

தஞ்சோங் லேமான் படகுத்துறைக்குப் பக்கத்தில் பலகையால் கட்டிய சிறிய தங்குவிடுதி ஒன்று இருக்கிறது. அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எதிர் பெஞ்சில் ஒரு நீல முதுகுப்பை, அதன் மேல் காயப்போட்ட காலுறைகள், அவற்றுக்குப் பின்னால் அவர்.

“ஆமாங்க ஆண்டி,” என்றேன்.

“ஆண்டியா? அலமாக். எனக்கு நாப்பத்தொம்பதுதான் ஆவுது. அக்கான்னு கூப்பிடு லா.”

“சரிக்கா.”

“தனியாவா வந்திருக்க?”

“தனியாதான்.”

“வீட்ல எப்படி விட்டாங்க?”

“கூட்டாளிங்க கூட போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

சிரித்தார். “நான் யாருகிட்டயும் பொய் சொல்லல. சொல்றதுக்கு வீட்ல ஆள் இருந்தாத்தானே.” காலுறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மலாய் நல்லா வருமா உனக்கு? கடத்தெருவுல பேசற பசார் மலாய் இல்ல. பள்ளிக்கூட மலாய்,” என்றார்.

“ஆறாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப்பள்ளி. அதுக்கப்புறம் எல்லாம் மலாய்தான்க்கா.”

“அப்ப ஒண்ணு சொல்லு. கடலுக்குள்ள தண்ணி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும்ல, ஆத்துத் தண்ணி மாதிரி. அதுக்கு மலாய்ல என்ன?”

“அருஸ்.”

“அருஸ்,” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “மூணு வருஷமா மீன்காரங்ககிட்ட ‘கடல் தண்ணி எங்க போவுது’ன்னு கேக்கறேன். ஒவ்வொருத்தனும் தண்ணி எப்ப ஏறும், எப்ப வத்தும்னு மணி சொல்றான். நான் ஒண்ணு கேக்க, அவன் ஒண்ணு சொல்ல.”

“எதுக்குக்கா அது?”

“எங்க வீட்டுக்காரரத் தேடறேன்.”

என் முகம் மாறியிருக்க வேண்டும். உடனே கையை ஆட்டினார். “பயந்துராத லா. அவரு செத்து நாலு வருஷம் ஆச்சு. அஸ்திய மெர்சிங் கடல்ல கரைச்சோம்னு சொன்னாங்க. எந்த எடத்துலன்னுதான் தெரியல.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் எழுந்து, செருப்பில்லாமல் படகுத்துறைக்கு நடந்து, கயிறு கட்டிக்கொண்டிருந்த படகோட்டியிடம் புதிதாகக் கிடைத்த சொல்லை வைத்துக் கேட்டார். படகோட்டி விரிவாகப் பதில் சொன்னார். அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் போய் மொழிபெயர்த்தேன். வருடக் கடைசியில் மழைக்காற்று அடிக்கும்போது நீரோட்டம் தெற்கே இழுக்கும், ஜூன், ஜூலையில் வடக்கே இழுக்கும் என்பதுதான் அவர் சொன்னது.

“ஜூன்ல வடக்கயா?”

“ஆமாக்கா.”

“அவரு போனது ஜூன்ல.” தீவுகள் இருந்த பக்கம் திரும்பினார். மெர்சிங்கிலிருந்து வருடா வருடம் தெற்கு நோக்கியே நடந்து வந்திருந்தார். “அப்ப நான் வடக்க எண்டாவ் பக்கம் போயிருக்கணும். மூணு வருஷமா தப்பா நடந்திருக்கேன்.” பிறகு அவரே, “பரவால்ல. டிசம்பர்ல திரும்பி வந்திருப்பாரு. நாலு டிசம்பர் போயிருச்சே,” என்றார்.

அவருடைய வீடு கெலாங் பாத்தாவில். பிறந்தது லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். தோட்டம் கைமாறியதும் குடும்பம் அங்கும் இங்குமாகச் சிதறியது. பதினெட்டு வயதில் தெப்ராவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இருபத்தேழு வயதில் விஜயனைக் கட்டினார். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். பிள்ளைகள் இல்லை. அதற்கு யாரிடமும் காரணம் சொன்னதில்லை என்றார், நானும் கேட்கவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக சிங்கப்பூர் துவாஸில் ஒரு சலவை ஆலையில் வேலை. ஓட்டல்களின் படுக்கைவிரிப்புகளை எடுத்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, மடிப்பு இயந்திரத்துக்குள் நேராகக் கொடுப்பது அவர் வேலை. விடியற்காலை நாலரை மணிக்கு எல்லை தாண்டிப் போகும் ஆலைப் பேருந்து. வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் விஜயன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்.

2020 மார்ச்சில் ஒருநாள், நடுராத்திரியோடு எல்லை மூடப்படும், சிங்கப்பூரிலேயே தங்கி வேலை பார்க்க முடிகிறவர்கள் இன்றே வந்துவிடுங்கள் என்று ஆலையிலிருந்து செய்தி வந்தது. இரண்டு வாரம்தான் என்றார்கள். அக்கா ஒரு பையில் நாலு சட்டையை அடைத்துக்கொண்டு போனார். அதே நீலப் பைதான். இரண்டு வாரம் இருபது மாதம் ஆனது. ஓர் அறையில் எட்டுப் பெண்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் விஜயனோடு காணொளியில் பேச்சு. அவர் சமைத்ததைக் காட்டுவார், இவர் அதில் குறை சொல்வார்.

2021 ஜூனில் விஜயனுக்கு மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா அனுமதிக்கு விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தாலும் வந்து தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. மின்சுடலையில் நடந்ததை ஆலையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தார். பாதியில் தொடர்பு அறுந்துபோனது.

“நான் இங்க இருந்திருந்தாலும் அஸ்தி கரைக்க நம்ம ஆளுங்க பொம்பளைங்கள கூட்டிக்கிட்டுப் போவ மாட்டாங்க, அது வேற,” என்றார். “ஆனா வீட்டுல இருந்திருப்பேன்ல. போயிட்டு வந்தவங்க கால்ல ஒட்டியிருந்த மண்ணப் பாத்தே எந்தக் கரைன்னு சொல்லியிருப்பேன்.”

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று விடுதியில் எங்களைத் தவிர ஒரு தம்பதி மட்டும் இருந்தார்கள். தெப்ராவைச் சேர்ந்த லெஸ்லியும் வலேரியும். மெர்சிங்கிலிருந்து பெங்கெராங் வரை சைக்கிளில் போகிறவர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒரே மேசை. லெஸ்லி வாயாடி.

“அக்கா, மொத்தம் எத்தன நாள் நடை?”

“வருஷத்துக்கு அஞ்சு நாள். அவ்ளோதான் லீவு.”

“அஞ்சு நாளா? இந்த வேகத்துல நீங்க கரை முடியற சுங்கை ரெங்கிட் போய்ச் சேர்றதுக்குள்ள நான் பென்ஷன் வாங்கிருவேன் லா.”

“நீ முதல்ல அந்தச் சைக்கிளுக்குக் காத்தடி தம்பி. வரும்போது பாத்தேன், டயர் உன் வயித்த விட மெத்துனு இருக்கு.”

வலேரி மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், எதற்காக நடக்கிறார் என்று கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொன்னார். வலேரி சோற்றைப் பிசைந்தபடியே, “எங்களுக்கு நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள்க்கா. எங்கப்பா எங்க படுத்திருக்காருன்னு கண்ண மூடிக்கிட்டே போவேன். மூணாவது வரிச, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“சொல்லும்மா. ஏன் நிறுத்திட்ட? எடம் இருக்கறது நல்லதுதானே,” என்றார் அக்கா. மீனில் முள்ளைப் பிரித்து எனக்கு ஒரு துண்டு வைத்தார்.

காலையில் நாங்கள் எழுந்தபோது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். மேசை மேல் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும், “அக்கா, டயருக்குக் காத்து அடிச்சாச்சு” என்று எழுதிய தாளும் இருந்தன.

சேர்ந்து நடக்கலாமா என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் தெற்கே போக வேண்டியிருந்தது, அதனால் நடந்தோம். அவர் முன்னால், நான் இருபதடி பின்னால். சில இடத்தில் கரை அகலமாக, இறுகிய மணலோடு, காலுக்கு சுகமாக இருந்தது. சில இடத்தில் சதுப்புக்காடு கடல் வரைக்கும் இறங்கிவந்து வழியை அடைத்தது. அங்கெல்லாம் உள்ளே ஏறி, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் சுற்றிக்கொண்டு மறுபடி கடலுக்கு வர வேண்டும். சவுக்கு மரங்களின் அடியில் ஒற்றைச் செருப்புகள், பாட்டில்கள், அறுந்த வலைகள். மணிக்கணக்கில் யாரும் எதிர்ப்படவில்லை. ஒரு தடவை மோட்டாரில் போன மலாய்க்காரக் கிழவர் நிறுத்தி, இரண்டு பெண்கள் ஏன் வெயிலில் நடக்கிறீர்கள், பஸ் வராதா என்று கேட்டார். “உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு,” என்று அக்கா தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னார். கிழவர் தலையாட்டிவிட்டு ஒரு இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நல்ல கரை என்று மனதுக்குப் பட்ட இடத்தில் அக்கா பையை இறக்கி வைப்பார். குடுவையிலிருந்து பால் சேர்க்காத கோப்பி ஓவை மூடியில் ஊற்றி, முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய், மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு வருவார். கும்பிட மாட்டார். எதுவும் முணுமுணுக்க மாட்டார். காலையில் மோட்டாரை எடுக்கும் முன் விஜயன் நின்றுகொண்டே குடிப்பது அதுதானாம், சீனி குறைவாக.

“இங்கதான்னு எப்படிக்கா தெரியும்?” என்று முதல் தடவை கேட்டேன்.

“தெரியாது. இங்க இல்லன்னும் தெரியாதுல்ல.”

அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவர் தண்ணீரில் நிற்கும்போது பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் செடிலி பெசார் ஆற்றுமுகத்துக்கு வந்தோம். ஆறு அகலமாக, மண் நிறத்தில், கடலுக்குள் கரைந்துகொண்டிருந்தது. படகு பிடித்தால் அக்கரை போகலாம். அக்கா போகவில்லை. “இந்த வருஷம் இவ்ளோதான். நாளைக்கு மறுநாள் ஷிஃப்டு,” என்று ஒரு கட்டை மேல் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்துதான், எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். மூன்று நாள் பழகிய பிறகு.

“கூலாய்க்கா.”

“அங்கதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இருக்காரு. கமலநாதன். தமிழ்ப்பள்ளிக்கு பஸ் ஓட்டுனாரு.”

“மஞ்ச பஸ்ஸா? முன்னாடி பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே?”

“ஆமா. உனக்குத் தெரியுமா?”

“ஆறு வருஷம் அதுலதான்க்கா போனேன்.”

“அவருதான் கரைச்சவரு,” என்றார் அக்கா. “எந்த எடம் மாமான்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். மெர்சிங்ன்னுவாரு. மெர்சிங்ல எங்கன்னா, இருட்டிப்போச்சும்மா, ஞாபகமில்லம்பாரு. முகத்தப் பாத்துச் சொல்ல மாட்டாரு. இப்பல்லாம் கேக்கறதில்ல. பாவம், வயசாயிருச்சு.”

செடிலியிலிருந்து ஒரு மீன் லாரியில் கோத்தா திங்கி வரைக்கும் வந்தோம். அங்கே எங்கள் பேருந்துகள் வேறு வேறு. கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டோம். “போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடு,” என்றார். போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்து நான் செய்ததைச் செய்யச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. பொதுவாக நான் பிறர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. ஆனாலும் இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் கமலநாதன் அங்கிளின் வீட்டைத் தேடிப் போனேன். எனக்கே காரணம் விளங்காத அவசரம் ஒன்று இருந்தது. தண்ணீரில் மூடியோடு நிற்கும் அவருடைய முதுகு கண்ணிலேயே இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார். “லோஷினிதானே? மூணாவது சீட்டு, சன்னல் பக்கம். ஆறு வருஷத்துல ‘அங்கிள் ஸ்டாப்’பத் தவிர வேற ஒரு வார்த்த பேசியிருக்க மாட்ட. இப்ப என்ன பேச வந்திருக்க?”

செடிலி வரைக்கும் ஷாமளா அக்காவோடு நடந்ததைச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார்.

“இன்னும் நடக்குதா அது?”

“இது நாலாவது வருஷமாம் அங்கிள்.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த ஜூனில் எம்சிஓ ஊரடங்கு, மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை இருந்தது என்றார். சாவு வீடு என்பதால் போலீஸ் கடிதம் கொடுத்தார்கள். அதில் கெலாங் பாத்தா என்று மட்டும்தான் எழுதியிருந்தது. கலசத்தை முன் இருக்கையில் வைத்து இடுப்புப் பட்டை போட்டு, மெர்சிங்குக்குத்தான் கிளம்பியிருக்கிறார். அவர்களுடைய அப்பாவைத் தோட்டத்து ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கரைத்தது மெர்சிங்கில்தான். உலு திராம் தாண்டியதும் சாலைத்தடை. போலீஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார், கலசத்தையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்.

“வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுன்னு ஐயரு சொல்லிட்டாரு. பொழுது போயிக்கிட்டு இருந்துச்சு. வேற எங்கம்மா போறது? கெலாங் பாத்தாவுக்கே திரும்பிப் போயி, பெண்டாஸ் படகுத்துறையில ஒரு மலாய்க்காரத் தம்பிய கெஞ்சி, படகுல கொண்டுபோய் விட்டேன். சிப்பி வளக்கற மெதவைங்க இருக்கும்ல, அதுக்கு அந்தாண்ட. சிங்கப்பூர் போற ரெண்டாவது பாலத்துக்குக் கிட்டக்க.”

அக்காவின் வீட்டிலிருந்து பெண்டாஸ் கால் மணி நேரம்கூட இல்லை. அவருடைய பேருந்து காலையும் மாலையும் போவது அந்தப் பாலத்தின் மேல்தான்.

“ஏன் அங்கிள் அவங்ககிட்ட சொல்லல?”

“மொதல்ல வெக்கமா இருந்துச்சு. கூடப் பொறந்தவன சேத்துத் தண்ணில விட்டுட்டு வந்தேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் அவ திரும்பி வந்து அதே வேலைக்குப் போனா. தெனம் அந்தப் பாலத்துல ரெண்டு தடவ போற பொம்பளகிட்ட, கீழதாம்மா இருக்கான்னு சொன்னா, அவ எப்படி பஸ் ஏறுவா? நீயே சொல்லு.” அவர் என்னைப் பார்த்தார். “வேணும்னா நீயே சொல்லிரும்மா. எனக்கு வாய் வரல.”

சொல்வதற்காகத்தான் கெலாங் பாத்தாவுக்குப் போனேன். ஆலைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரவு ஏழரை மணிக்குப் பேருந்து வந்தது. தூக்கக் கலக்கத்தோடு பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அக்கா கடைசியில் இறங்கினார். சீருடைச் சட்டையில் ஆள் சின்னதாகத் தெரிந்தார். என்னைக் கண்டதும், “அடப்பாவி, சொல்லாம வந்து நிக்கற. என்ன, கல்யாணப் பத்திரிகையா?” என்றார்.

“இல்லக்கா.”

இரண்டு குவளை தே தாரிக் டீ வந்தது. அவர் ஆலையில் புதிதாக வந்த மடிப்பு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார், அது மாதத்துக்கு மூன்று தடவை படுத்துக்கொள்கிறதாம். நான் எப்போது நடுவில் பேசலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், “கமலநாதன் அங்கிளப் பாத்தேன்க்கா,” என்று மட்டும் சொன்னேன்.

அவர் குவளையை வைத்தார். அதன் விளிம்பில் இருந்த நுரையை விரலால் துடைத்தார்.

“மெர்சிங் இல்லதானே?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“எம்சிஓல மெர்சிங் போவ விட்டிருக்க மாட்டாங்கன்னு பஸ்ல ஒருத்தி ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொன்னா. நான் காது கேக்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.”

“அக்கா, அவரு எங்கன்னா...”

கையை உயர்த்தி நிறுத்தினார். கோபம் இல்லை. பேருந்தை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரிதான் இருந்தது.

“ரொம்ப தூரமா?” என்று கேட்டார். உடனே, “வேணாம், அதையும் சொல்லாத,” என்றார்.

எதிரில் காலிப் பேருந்து திரும்பிக் கிளம்பியது. அது போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அன்று அவர் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது.

“வருஷம் பூரா துணி மடிக்கிறேன் லோஷினி. அந்த அஞ்சு நாள்தான் அவரப் பாக்கப் போற நாள். நீ இப்பச் சொல்லிட்டின்னா அடுத்த வருஷம் நான் எங்க போவேன்? செடிலி வரைக்கும்தான் வந்திருக்கேன். அந்தாண்ட தஞ்சோங் பாலாவ் இருக்கு, டெசாரு இருக்கு, புங்காய் இருக்கு, ரெங்கிட் இருக்கு. எல்லாத்தையும் நடந்து முடிச்சுட்டு நானே உனக்கு போன் பண்ணிக் கேக்கறேன். அப்பச் சொல்லு. அது வரைக்கும் நீ வெச்சிரு. போன் நம்பர மட்டும் மாத்திராத, என்ன?”